கேட்டவர் இருபது பேர்

கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு நியாயத்தின் மேல் அப்படியொரு பிரியம். துறைமுகத்தைப் பிடித்தார்கள், சுங்கத்தைப் பிடித்தார்கள், காடு, சுரங்கம், ஆற்று மணல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வளைத்துப் போட்டார்கள். ஆனால் ஒருவனுக்குத் தெரியாத சட்டத்தைக் காட்டி அவனை உள்ளே தள்ளுவது மட்டும் அவர்கள் மனசாட்சிக்கு ஒப்பவில்லையாம். அதனால் முதலில் வந்த கவர்னர் ஒரு விதி எழுதி வைத்தார். எந்த உத்தரவானாலும் ஊர் நாற்சந்தியில் மணியடித்து உரக்க வாசிக்க வேண்டும். குறைந்தது இருபது பேர் நின்று கேட்க வேண்டும். "கேட்டோம், புரிந்துகொண்டோம்" என்று அச்சடித்த தாளில் அந்த இருபது பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பத்தொன்பது பேர் வைத்தால்கூட உத்தரவு செல்லாது. அடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு அடித்தால் அது நாகரிகம் என்பது அவர்கள் கட்சி.

இந்த ஊரில் அப்படி மணியடித்து வாசித்தவரைத்தான் எல்லோரும் சர்க்கார் வாய் என்று கூப்பிட்டார்கள். கிண்டலாக வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இளவயதில் அவர் துறைமுகத்தில் கூலியாட்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற வேலையில் இருந்தார். கப்பல் தட்டில் நின்று "நாற்பத்தொன்று" என்று கத்தினால், கிடங்கின் பின்புறம் படுத்திருக்கும் நாற்பத்தொன்று எழுந்து ஓடி வருவான். ஒரு மத்தியானம் அந்தக் குரல் காற்றை எதிர்த்துக்கொண்டு போய், மாடியில் தூங்கிக்கொண்டிருந்த துரையை எழுப்பிவிட்டது. யார் அது என்று துரை ஆள் அனுப்பினார். சவுக்கடிதான் என்று நினைத்துப் போனவர் நீலக் கோட்டும் தொப்பியும் பித்தளை மணியுமாகத் திரும்பி வந்தார். அன்றைக்கு விறைத்த கழுத்து, பிறகு ஒருநாளும் தளரவில்லை. கோட்டு போட்டிருக்கும்போது தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். உடம்போடு சுற்றித்தான் திரும்புவார்.

அவர் மனைவி கோட்டு எதுவும் போட்டுக்கொள்ளாத மனுஷி. கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த பைண்டிங் கடையில் புத்தகம் தைத்தார். அதனால் தெருவுக்கு அவர் பைண்டிங் அம்மா. சர்க்காரின் சட்டப் புத்தகங்களெல்லாம் அங்கேதான் தையலுக்கு வரும். தாள்களை வரிசை பார்த்து மடிக்கும்போதே நாலு வரி படிப்பது அம்மாவின் பழக்கம். இருபது வருஷம் நாலு நாலு வரியாகப் படித்தால் என்ன ஆகும்? ஊரில் பாதி வக்கீல்களுக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரியும். அது கணவருக்கு மட்டும் தெரியாது.

வாசிப்பது ஒரு வேலையே இல்லை. இருபது பேரைப் பிடிப்பதுதான் வேலை. சர்க்கார் வாயைத் திறந்தால் எதையாவது பிடுங்கத்தான் திறக்கும் என்று ஊருக்குத் தெரியும். அதைக் கேட்க யார் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்? சர்க்கார் வாய் மணியை ஆட்டிக்கொண்டு கடை கடையாகப் போய்க் கெஞ்சுவார், பல்லை இளிப்பார், தேவைப்பட்டால் மிரட்டுவார். அப்படியே வந்தாலும் பாதி வாசிக்கும்போதே ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முதலில் கைநாட்டு, அப்புறம்தான் வாசிப்பு. கேட்டோம், புரிந்துகொண்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகு கேட்க ஆரம்பிப்பார்கள். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பதால், முதல் நாள் சாயங்காலமே பைண்டிங் அம்மா வாடிக்கையான இருபது பெயர்களையும் தாளில் அழகாக எழுதிக் கொடுத்துவிடுவார். ஆள் குறைந்தால் அம்மாவின் பெயரும் அதில் ஏறும்.

அந்த இருபதில் எப்போதும் முதல் பெயர் நாற்சந்தி மூலையில் உட்கார்ந்திருந்த செருப்புக்காரருடையது. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. கவர்னர் வந்து இறங்கிய நாளில் மரியாதைக்கு முழங்கிய பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததன் பலன் அது. ஆனால் சர்க்கார் வாய் வாயைத் திறந்து மூடுவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஊசியைச் செருப்பில் குத்தி வைத்துவிட்டு, விரலை மையில் தோய்த்து, சிரித்த முகத்தோடு கைநாட்டு வைப்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரில் எல்லாச் சட்டங்களையும் தவறாமல் "கேட்ட" ஒரே பிரஜை அவர்தான்.

உத்தரவுகள் வந்தபடி இருந்தன. துறைமுகச் சுவரில் வலை காயப்போடக் கூடாது. உள்ளூரில் செய்த தீப்பெட்டியை விற்கக் கூடாது. நடைபாதையில் துரைமார் எதிரே வந்தால் இறங்கிச் சாலையில் நிற்க வேண்டும். மேல் வகுப்புகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடமில்லை. சர்க்கார் வாய் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்தார். பிள்ளைகளுக்கு இடமில்லை என்று வாசித்த அன்று மட்டும் பைண்டிங் அம்மா அவரிடம் கேட்டார், வாசிக்கும்போது தொண்டையில் எதுவும் அடைக்கவில்லையா என்று. அவர் வெந்நீர் கேட்டார்.

முதலில் முணுமுணுப்பு முடிதிருத்தும் கடையோடு நின்றது. அப்புறம் வாசகசாலைப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். அப்புறம் துறைமுகத்தில் இரண்டு நாள் மூட்டை இறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள் யாரோ சுங்க ஆபீஸ் ஜன்னலில் ஒரு கல்லை விட்டெறிந்தார்கள். ஒரு கல், ஒரு கண்ணாடி. ஒரு நாட்டையே உடைத்துப் பையில் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த ஒரு கண்ணாடியைத் தாங்க முடியவில்லை. தலைநகரத்துக்குத் தந்தி பறந்தது, திரும்பி ஓர் உத்தரவு பறந்து வந்தது. பொது இடத்தில் நாலு பேருக்கு மேல் கூடி நின்றால் ஆறு மாதம் ஜெயில். கூட்டத்தைக் கூட்டியவருக்கு இரண்டு வருஷம். வாசித்து முடித்த நிமிடத்திலிருந்து அமல்.

வழக்கம்போல் தாளை எழுத உட்கார்ந்த பைண்டிங் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்க, நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. படிச்சு முடிச்ச நிமிஷமே அமல்னும் போட்டிருக்கு. அப்ப அங்க நிக்கிற இருபது பேரு கதி என்ன?"

சர்க்கார் வாய்க்கு ஒரு கணம் திக்கென்றது. இருந்தாலும் மனைவிக்கு முன்னால் திருதிருவென்று விழிப்பது கோட்டுக்கு அழகில்லையே. பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து எழுதியது, அவர்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று எரிந்து விழுந்து, அம்மாவை மறுபடி பேனாவை எடுத்து எழுத வைத்தார். ஆனாலும் மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போனதும் தலைமைக் குமாஸ்தாவிடம் மெதுவாக அதே கேள்வியைத் தன் கேள்வியைப்போலக் கேட்டுப் பார்த்தார். குமாஸ்தா முதலில் சிரித்தார். பிறகு துரையின் அறைக் கதவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"யோவ், துரைக்கே பாடம் எடுக்கப்போறியா? நீ வாய். வாசிச்சிட்டு வா. யோசிக்கிறதுக்கு வேற ஆள் இருக்கு."

யோசிக்கிற ஆள் உண்மையில் யாரும் இல்லை. துரை உத்தரவில் கையெழுத்துப் போட்டார், குமாஸ்தா முத்திரை குத்தினார், சர்க்கார் வாய் மணியை எடுத்துக்கொண்டார். கேள்வி மேசை மேசையாகக் கீழே இறங்கி, தைக்கிற ஊசியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் வந்து நின்றுவிட்டது. அன்றைக்கு வாடிக்கைக்காரர்களில் ரொட்டிக் கடைக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பத்தொன்பதுதான் தேறியது. சர்க்கார் வாய் பைண்டிங் கடை வாசலில் போய் நின்றார். நீ வந்து நிற்காவிட்டால் என் வேலை போய்விடும் என்றார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் மேலங்கியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பினார். கணவருக்காகத்தான் வந்தார், வேறு எதற்காகவும் இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு நாற்சந்தியில் ஓர் அதிசயம் நடந்தது. மணியடித்தவுடன் கூட்டம் தானாகச் சேர்ந்தது. கல் எறிந்ததற்கு என்ன தண்டனை வரப்போகிறதோ என்று ஊரே கவலையில் இருந்ததால், அறுபது எழுபது பேர் வந்துவிட்டார்கள். சர்க்கார் வாய்க்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் வாசிப்பதைக் கேட்க ஆசைப்பட்டு வந்த கூட்டம் அதுதான். இருபது பேரும் முறைப்படி கைநாட்டோ கையெழுத்தோ வைத்தார்கள், செருப்புக்காரர் முதலில், பைண்டிங் அம்மா கடைசியில். பிறகு அவர் நெஞ்சை நிமிர்த்தி, ஒரு சொல்லையும் விழுங்காமல், துறைமுகம்வரை கேட்கிற மாதிரி வாசித்தார். பக்கத்துச் சந்தில் காத்திருந்த போலீசுக்கும் நன்றாகக் கேட்டது. "இந்நிமிடம் முதல்" என்று அவர் முடித்தார். தடிகள் இறங்கின.

அத்தனை பேரும் சிதறி ஓடினார்கள். ஓடியவர்கள் யார் எவர் என்று போலீசுக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமே இல்லை. போலீஸ் அதிகாரி சர்க்கார் வாயிடம் வந்து கையை நீட்டினார். பெயர், தொழில், தெரு, கைநாட்டு எல்லாம் அடங்கிய தாள் சர்க்கார் வாயின் கையில் இருந்தது. அவர் அதை வழக்கம்போல் இரண்டு கையாலும் பணிவாகக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் இருபது பேரும் உள்ளே. மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வந்த போலீஸ்காரருக்கு வீட்டு அடையாளம் சொன்னதும் அந்தத் தாள்தான். அதில் இருந்தது அம்மாவின் சொந்தக் கையெழுத்து.

வழக்கு ஒரு வாரத்தில் வந்தது. இருபது பேருக்கும் ஒரு வக்கீல் இலவசமாக வாதாட முன்வந்தார். அதுவரை துரையின் தோட்டத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர். ஊர் சூடாகிவிட்டது, குளிர் காய நல்ல நேரம் என்று மோப்பம் பிடித்திருந்தார். ஆனாலும் அவர் எடுத்த வாதம் சரியான வாதம். சட்டமே இருபது பேரைக் கேட்கச் சொல்கிறது, சர்க்கார் மணியடித்துக் கூப்பிட்டது, அவர்கள் வந்தார்கள், இதில் குற்றம் எங்கே? கூப்பிட்டவர் வந்து, ஆமாம், நான்தான் கூப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு அங்கேயே சுருண்டுவிடும்.

அந்த ஒரு வார்த்தையின் விலையை முந்தின நாளே தலைமைக் குமாஸ்தா சர்க்கார் வாயிடம் சொல்லிவிட்டார். மணி என்பது வாசிக்கப் போவதைத் தெரிவிக்கிற சத்தம் மட்டுமே, யாரையும் அழைப்பதற்கு அல்ல என்று துரை கருதுகிறார். கூப்பிட்டேன் என்று நீ சொன்னால் கூட்டத்தைக் கூட்டியவன் நீ. இரண்டு வருஷம். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

கோர்ட்டில் பைண்டிங் அம்மா கூண்டின் முன்வரிசையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் செருப்புக்காரர், யார் எது பேசினாலும் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். உத்தரவைக் கேட்டாயா என்று நீதிபதி அவரைக் கேட்டார். பதில் இல்லை. மொழிபெயர்ப்பவர் மூன்று முறை கத்திக் கேட்டார். கடைசியில் செருப்புக்காரருக்கு மேசைமேல் இருந்த தாள் கண்ணில் பட்டது. சந்தோஷமாக அதில் இருந்த தன் கைநாட்டைத் தொட்டுக் காட்டினார். கேட்டதற்கு ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு வக்கீல் சர்க்கார் வாயைக் கேட்டார், இவர்களைக் கூப்பிட்டது நீங்கள்தானே என்று. ஊரிலேயே பெரிய குரல் அந்த இடத்தில் கம்மிவிட்டது. மனைவியைப் பார்க்காமல், நீதிபதிக்கு மேலே மாட்டியிருந்த ராஜாவின் படத்தைப் பார்த்தார்.

"நான் மணி அடிச்சேன். அவங்க அவங்களா வந்தாங்க."

இருபது பேருக்கும் ஆளுக்கு ஆறு மாதம்.

செருப்புக்காரர் இரண்டாம் மாதமே ஜெயிலில் காய்ச்சல் வந்து செத்துப்போனார். அவரைச் சுமந்து போன அன்றுதான் ஊர் முதல்முறையாகத் தன் மூளையைக் காட்டியது. நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது அல்லவா? நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்தடி விட்டு இன்னும் நாலு பேர். இன்னும் பத்தடி விட்டு நாலு பேர். துறைமுகத்திலிருந்து இடுகாடுவரை சாலை முழுக்க நாலு நாலு பேராக ஊரே நடந்தது. போலீஸ் எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கே எண்ணினாலும் நாலுதான். சர்க்கார் வாய் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பார்த்தார். இறங்கிப் போய் ஐந்தாம் ஆளாக நிற்கலாம், நான்தான் கூப்பிட்டேன் என்று கத்தலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஆறு மாதம் கழித்துப் பைண்டிங் அம்மா வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அவரையும் உட்காரச் சொன்னார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நாற்சந்தியில போய் நின்னு, அவங்களை நான்தான் கூப்பிட்டேன்னு ஒரு தடவை சொல்லுங்க. உங்களை உள்ள போட்டா, நான் சாப்பாடு கொண்டு வர்றேன். வெளிய வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கறேன். ஆனா அதைச் சொல்லாத ஆளோட என்னால இருக்க முடியாது."

அவர் என்னென்னவோ சொன்னார். தனக்கு வயதாகிவிட்டது, முதுகு வலி, ஜெயில் தரை ஈரம், இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு வந்துவிடும், அதற்கப்புறம் கூரைமேல் ஏறி நின்று சொல்கிறேன் என்றார். ஓய்வுக்கப்புறம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார் அம்மா. ஊசிகளையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு பைண்டிங் கடையின் மாடிக்குக் குடிபோய்விட்டார்.

அதற்கு அடுத்த மாதம் கதவு வரி வந்தது. வீட்டுக்கு எத்தனை கதவோ அத்தனைக்கும் வரி. சர்க்கார் வாய் நாற்சந்திக்குப் போய் மணியை ஆட்டினார். ஆட்டிய கையோடு கடைகளின் கதவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. தெருவில் போனவர்கள் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டு, அவரைக் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனார்கள். முடிதிருத்துபவர் பாதி முகம் மழித்த ஆளோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். காலியான தெருவுக்குச் சர்க்கார் வாய் கதவு வரியை முழுதாக வாசித்தார். தாளில் மூன்றே பெயர்கள் விழுந்தன. இரண்டு போலீஸ்காரர்கள், தலைமைக் குமாஸ்தா. வரி செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த நீதிபதி வேறு வழியில்லாமல், செல்லாது என்று சொன்னார். அவர் புரட்டிய புத்தகத்தின் தையல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

பைண்டிங் அம்மா ஜெயிலிலேயே இதை யோசித்து வைத்துவிட்டார். வெளியே வந்ததும் வீடு வீடாகப் போய், கூட்டம் போடாமல், ஒரு நேரத்தில் மூன்று பேரோடு மட்டும் பேசினார். கேட்காதீர்கள். அவ்வளவுதான். கல்லெறிய வேண்டாம், கத்தியெடுக்க வேண்டாம், காதைக் கொடுக்காதீர்கள். நம் காதில்லாமல் அவர்களால் ஒரு வரிகூடப் போட முடியாது. மூன்று மாதத்தில் பக்கத்து ஊர்களில் மணிச்சத்தத்துக்குக் கதவு சாத்தினார்கள். ஆறு மாதத்தில் நாடு முழுக்கச் சர்க்காரின் உத்தரவுகள் கேட்பாரில்லாமல் கிடந்தன. பஞ்சு வாங்க மருந்துக் கடையில் வரிசை நின்றது. நாலு நாலு பேராகத்தான்.

சர்க்கார் மூளையைக் கசக்கிக்கொண்டு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. இருபது பேர் கேட்க வேண்டும் என்ற விதியையே ரத்து செய்து ஓர் உத்தரவு போட்டது. அதுவும் உத்தரவுதானே? அதையும் இருபது பேர் கேட்டாக வேண்டுமே? கப்பலிலிருந்து இருபது சிப்பாய்களை இறக்கி நாற்சந்தியில் வெயிலில் நிறுத்தினார்கள். சர்க்கார் வாய் உள்ளூர் மொழியில் உரக்க வாசித்தார். நேற்று வந்து இறங்கிய அந்தப் பையன்களுக்கு அதில் ஒரு சொல் தெரியாது. வழக்கில் வக்கீல் அவர்களில் ஒருவனை எழுப்பி, நீ கேட்டது என்ன என்றார். மணிச்சத்தம் என்றான். புரிந்துகொண்டது என்ன என்றார். வெயில் என்றான். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வழக்கைத் தள்ளிவைத்தார்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. சட்டம் கைவிட்டதும் அவர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள், அதற்கு இருபது பேர் தேவைப்படவில்லை. அதுவரை வரியைக் குறை, பள்ளியைத் திற என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், துறைமுகத்தில் பதினோரு பேரைச் சுட்டுப் போட்ட அன்றிலிருந்து ஒன்றும் கேட்பதை விட்டுவிட்டார்கள். வெளியே போ என்று மட்டும் சொன்னார்கள். மூட்டை இறக்க ஆள் இல்லை, ரயிலுக்குக் கரி அள்ள ஆள் இல்லை, துரைமார் வீட்டில் துணி துவைக்க ஆள் இல்லை. ஜெயில் நிரம்பி, பள்ளிக்கூடங்களை ஜெயிலாக்கினார்கள். பைண்டிங் அம்மா இன்னும் இரண்டு முறை உள்ளே போய் வந்தார். வக்கீலும் ஒரு முறை போனார், மெத்தையோடு. வெளியே வந்து, காதை அடைக்கும் போராட்டம் காலை நடையில் தன் மனதில் உதித்தது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அது பைண்டிங் கடைக்குத்தான் வந்தது. அம்மாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. தைத்துக்கொண்டே நாலு நாலு வரியாகப் படித்தார். தையலில் குறை வைக்கவில்லை.

இந்த நாலு வருஷமும் சர்க்கார் வாய் என்ன செய்தார்? காலி நாற்சந்தியில் வாசித்தார். வீட்டில் தானே சமைத்து உப்புப் போட மறந்தார். சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பார். துறைமுகத்துக் கூலியாட்களை எழுப்பிய குரல், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று கிசுகிசுக்கும். மனைவி இல்லாத வீடு அவரைத் தின்றது, அது உண்மை. அதை நினைத்து அழுததும் உண்டு. ஆனால் அழுகைக்கு யாரும் ஜெயிலில் போடுவதில்லை.

ஒருமுறை துணிந்து பைண்டிங் கடையின் படியேறிப் போனார். அம்மா தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வருஷம்தான், அதுவரை பொறுத்துக்கொள் என்றார் இவர். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பொறுத்துக்கிட்டுதான் இருக்கேன். தினமும் பத்து மணிக்கு மணிச்சத்தம் கேட்டா ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு நிக்கறேன். இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு. ஊர்ல உங்க குரலுக்குக் காதை அடைக்காத ஆள் நான் ஒருத்திதான்."

அவர் படியிறங்கி நேராக நாற்சந்திக்குப் போனார். வாயைத் திறந்தார். எதிரே போலீஸ் அதிகாரி குதிரையைத் தட்டிக்கொடுத்தபடி நின்றிருந்தார். திறந்த வாயை வீணாக்காமல் கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். பெருந்தன்மையோடு விடுதலை கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். வியாழக்கிழமை, துரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சர்க்கார் வாய் போய்க் கைகட்டி நின்றார். எதற்கு? இருபத்தாறு வருஷம் நன்னடத்தையோடு வேலை பார்த்தான் என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். துரை எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை முழுக்கக் கப்பல் கரையிலேயே நின்றது. போலீசும் துப்பாக்கியும் இன்னும் அவர்கள் கையில்தான். ஆனால் யாரையும் பிடித்துப் போட அவர்களுக்கு நேரமில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவேளைதானே என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். சாயங்காலம் கப்பல் சங்கு ஊதிக் கிளம்பியது.

சனிக்கிழமை காலை நாற்சந்தியில் மேடை போட்டார்கள். நாலு பேர் சட்டம் செத்துப்போனதால் நாலாயிரம் பேர் கூடியிருந்தார்கள். வக்கீல் இப்போது ஜில்லாவுக்கே அதிபதி. புதிய அரசின் அறிவிப்பை வாசிக்க ஆள் வேண்டும், அந்தக் குரல் வேறு யாருக்கு இருக்கிறது? சர்க்கார் வாயைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் வந்தார், வாசித்தார். இன்று முதல் நாம் யாருக்கும் அடிமை இல்லை என்பதையும் அதே குரலில்தான் வாசித்தார். முடித்துவிட்டு அவர் இறங்கவில்லை. கூட்டத்தில் மனைவியின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மூச்சை இழுத்து, நாலு வருஷம் கிசுகிசுத்ததை ஊர் அதிரச் சொன்னார்.

"அன்னைக்கு அந்த இருபது பேரையும் நான்தான் கூப்பிட்டேன். அவங்களா வரலை. நான்தான் கூப்பிட்டேன்."

கைதட்டல் இடித்தது. என்ன நெஞ்சழுத்தம், எப்படிப்பட்ட மனசு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் யாரை வேண்டுமானாலும் மன்னிக்கத் தயாராக இருந்த கூட்டம் அது. வக்கீலுக்கும் அப்படி மன்னிக்கிற கூட்டம் தேவைப்பட்டது. எழுந்து வந்து சர்க்கார் வாயைக் கட்டிப் பிடித்து, எதிரியின் கூடாரத்துக்குள் இருந்துகொண்டே வேதனையைச் சுமந்த தியாகி என்று அறிவித்தார். மேடையில் தனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

சர்க்கார் வாய் நாற்காலியைப் பார்க்காமல் கீழே இறங்கினார். கூட்டம் வழி விட்டது. மனைவிக்கு முன்னால் போய் நின்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"சொல்லிட்டேன்" என்றார்.

பைண்டிங் அம்மாவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"கேட்டேங்க. முந்தாநாள் ராத்திரி தூங்கவே இல்லை. கப்பல் கரையிலதானே நிக்குது, இன்னும் நேரம் இருக்குன்னு நேத்து சாயங்காலம் சங்கு ஊதற வரைக்கும் ஜன்னல்லயே நின்னேன். அப்ப சொல்லியிருந்தா ஓடி வந்து உங்க பக்கத்துல நின்னிருப்பேன். இப்ப நீங்க சொன்னது இன்னொரு அறிவிப்பு. ஊருக்குப் பிடிச்சிருக்கு."

அம்மா கையை நீட்டி அவர் கண்ணீரைத் துடைத்துவிட்டார், ஒரு குழந்தைக்குத் துடைப்பதுபோல. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பைண்டிங் கடைப் பக்கம் நடந்தார். பின்னாலேயே போவதற்கு இப்போது எந்தத் தடையும் இல்லை, எந்தத் தண்டனையும் இல்லை. மேடையிலிருந்து, தியாகி அவர்களே, வாருங்கள் என்று வக்கீல் கூப்பிட்டார். சர்க்கார் வாய் மனைவி போன திசையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள்.

போய் உட்கார்ந்தார்.